ஓடும்போதே டிஸ்க்கைப் பெரிதாக்கினால் உள்ளே என்ன நடக்கிறது? எக்ஸ்ட்4-இல் பல வருடம் ஒளிந்திருந்த ஒரு பிழை

சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. கிளவுடில் டிஸ்க்கின் அளவைக் கூட்டுகிறீர்கள், அல்லது எல்விஎம்-இல் (டிஸ்க் இடத்தைப் பகிர்ந்து கொடுக்கும் லினக்ஸ் அமைப்பு) வால்யூமை நீட்டுகிறீர்கள், அப்புறம் ரீசைஸ்2எஃப்எஸ் என்று ஒரே ஒரு கட்டளை. சில நொடிகளில், டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று சொல்லும் டிஎஃப் கட்டளை புது அளவைக் காட்டிவிடும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, பயனர்கள் ஃபைல்களைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இதற்குப் பெயர் ஆன்லைன் ரீசைஸ். வசதி என்றால் அப்படி ஒரு வசதி.

அந்தச் சில நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இந்த வேலையில் வரும் பிழைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நடக்கும்போது சத்தமே போடாது, பிறகு எப்போதோ தலைகாட்டும். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் 2012 முதல் 2024 வரை இருந்த ஒரு பிழையை வைத்தே இதை விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் அடிப்படை வேண்டும், அதை முதலில் முடித்துவிடுவோம்.

எக்ஸ்ட்4 டிஸ்க்கைச் சின்னச் சின்ன பிளாக்குகளாகப் பிரிக்கும், பொதுவாக ஒரு பிளாக் 4 கேபி. 32,768 பிளாக் சேர்ந்தால் ஒரு பிளாக் குரூப், அதாவது 128 எம்பி. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு சின்ன விவரக்குறிப்பு இருக்கும்: இந்தக் குரூப்பில் எந்தெந்த பிளாக் காலி என்பதைக் குறிக்கும் பிட்மேப் எங்கே இருக்கிறது, ஐநோட் (ஒவ்வொரு ஃபைலின் விவரங்களும் இருக்கும் பதிவு) அட்டவணை எங்கே தொடங்குகிறது, எத்தனை பிளாக் மிச்சம், இப்படி. இதற்கு குரூப் டிஸ்கிரிப்டர் என்று பெயர். இப்போதைய வழக்கமான அமைப்பில் ஒரு டிஸ்கிரிப்டர் 64 பைட். ஆக 4 கேபி பிளாக் ஒன்றில் 64 டிஸ்கிரிப்டர் அடங்கும். 64 குரூப் என்றால் 8 ஜிபி. இந்த 8 ஜிபி கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் வில்லன்.

இந்த டிஸ்கிரிப்டர்கள் எல்லாம் வரிசையாக டிஸ்க்கின் ஆரம்பத்தில், மொத்த ஃபைல் சிஸ்டத்தின் விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக்கை அடுத்து உட்கார்ந்திருக்கும். அந்த இடம் கெட்டுப்போனால் மொத்தமும் போய்விடும் என்பதால் நகல்களும் உண்டு. எல்லாக் குரூப்பிலும் நகல் வைத்தால் இடம் வீண், அதனால் 1-ஆம் குரூப்பிலும், 3, 5, 7 ஆகிய எண்களின் அடுக்குகளிலும் (3, 5, 7, 9, 25, 27, 49 என்று போகும்) மட்டும் வைப்பார்கள். டிஸ்க் கெட்ட ஒரு ராத்திரியில் 32768, 98304, 163840 என்ற எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இவை மனப்பாடமாகவே இருக்கும். அந்தக் குரூப்புகள் தொடங்கும் பிளாக் எண்கள்தான் அவை.

சரி, இப்போது பெரிதாக்குவோம். புது இடம் வந்தால் புதுக் குரூப்புகள் வரும், புதுக் குரூப்புகள் வந்தால் புது டிஸ்கிரிப்டர்கள் வரும், அவற்றை எழுத ஆரம்பத்திலேயே இடம் வேண்டும். ஆனால் அந்த ஆரம்பத்தை ஒட்டி ஏற்கெனவே யாருடைய ஃபைலோ இருக்கும். இதற்காகத்தான் ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே கொஞ்சம் பிளாக்குகளைத் தனியாக ஒதுக்கி, அவற்றை 7-ஆம் எண் ஐநோட்டின் பேரில் வைத்துவிடுவார்கள். ரீசைஸ்_ஐநோட் என்பது அதுதான். பிற்காலத்தில் வீட்டின் மேல் மாடி கட்ட விட்டுவைத்த கம்பிகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல், இந்த ரீசைஸ்_ஐநோட் பிளாக் எண்களை 32 பிட்டில்தான் எழுதத் தெரிந்தது. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 2-இன் அடுக்கு 32, ஒரு பிளாக் 4 கேபி, பெருக்கினால் 16 டிபி. அதற்கு மேல் இந்த வழி செல்லாது. அதனால் 16 டிபி-க்கு மேல் ஃபைல் சிஸ்டம் உருவாக்கினால் இந்த வசதி தானாகவே அணைக்கப்பட்டுவிடும்.

அப்படியானால் பெரிய டிஸ்க்குகளை ஓடும்போதே நீட்டவே முடியாதா? முடியும், வேறு வழியில். 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7 கர்னலில் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) இதற்கான வசதி சேர்ந்தது. வழி என்னவென்றால், டிஸ்கிரிப்டர்களை எல்லாம் ஆரம்பத்தில் குவிக்காமல், 64 குரூப்புக்கு ஒரு டிஸ்கிரிப்டர் பிளாக் என்று பிரித்து, அந்தந்த 64 குரூப் கூட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுவது. கூட்டத்தின் முதல் குரூப்பில் அசல், இரண்டாவது குரூப்பில் ஒரு நகல், கடைசிக் குரூப்பில் இன்னொரு நகல். இந்த அமைப்புக்கு மெட்டா_பிஜி என்று பெயர். இப்போது ஆரம்பத்தில் இடம் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லை, நீட்டிக்கொண்டே போகலாம்.

ஆனால் ஏற்கெனவே பழைய அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தை முழுசாகப் பிரித்துப்போட்டு மறுபடி கட்ட முடியாது, ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். அதனால் கர்னல் ஒரு சமரசம் செய்கிறது. இதுவரை இருக்கிற டிஸ்கிரிப்டர் பிளாக்குகள் பழைய முறையிலேயே இருக்கட்டும், இந்த எண்ணுக்கு மேல் வருவதெல்லாம் புது முறை என்று ஒரு எல்லைக்கோட்டைச் சூப்பர்பிளாக்கில் எழுதிவைத்துவிட்டு, மெட்டா_பிஜி என்ற கொடியையும் ஏற்றிவிடுகிறது. ஆக ஒரே ஃபைல் சிஸ்டத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

பிழை சரியாக இந்தக் கோட்டில்தான் இருந்தது.

புதுக் குரூப்பைச் சேர்த்த பிறகு கர்னல் டிஸ்கிரிப்டரின் நகல்களை எழுத வேண்டும். எங்கே எழுதுவது என்று முடிவு செய்ய அது கேட்ட கேள்வி: "இந்த ஃபைல் சிஸ்டத்தில் மெட்டா_பிஜி கொடி இருக்கிறதா?" இருந்தால் புதுச் சட்டப்படி எழுது, இல்லையென்றால் பழைய சட்டப்படி எழுது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது இல்லை. "நான் இப்போது சேர்க்கிற இந்தக் குரூப் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது?" என்பதுதான்.

பெரும்பாலும் ஒரு ஃபைல் சிஸ்டம் கச்சிதமாக 8 ஜிபி-யின் மடங்கில் முடியாது, ஒரு 64 குரூப் கூட்டத்தின் நடுவில்தான் எங்காவது முடிந்திருக்கும். அந்தக் கடைசிக் கூட்டத்துக்கான டிஸ்கிரிப்டர் பிளாக் ஏற்கெனவே ஆரம்பத்தில் பழைய முறையில் இருக்கிறது, பாதி நிரம்பி. நீட்டும்போது முதலில் சேர்கிற குரூப்புகள் இந்தப் பாதிக் கூட்டத்தை நிரப்புகிறவை, அதாவது கோட்டுக்குப் பழைய பக்கம். ஆனால் கொடி ஏறிவிட்டதால் கர்னல் அவற்றுக்கும் புதுச் சட்டத்தையே போடுகிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரியும். பிழையைப் பிடித்தவர்கள் 16 டிபி டிஸ்க்கெல்லாம் இல்லாமலே ஒரு சின்னச் சோதனையில் இதைக் காட்டினார்கள், ரீசைஸ்_ஐநோட் வசதியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு. 16 ஜிபி என்றால் 128 குரூப், அதில் ஒன்றைக் குறைத்து 127 குரூப்புடன் ஃபைல் சிஸ்டத்தை உருவாக்குங்கள். டிடி கட்டளையால் அதற்குள் வெறும் பூஜ்ஜியங்களாக ஒரு பெரிய ஃபைலை எழுதி ஏறக்குறைய நிரப்புங்கள். ஷா1சம் கட்டளையைப் போட்டு அதன் கையொப்பத்தை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ரீசைஸ்2எஃப்எஸ் கொண்டு அந்த 128-ஆவது குரூப்பைச் சேருங்கள்.

குரூப்புகளைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் புதிதாக வந்தது 127-ஆம் எண் குரூப். அதன் டிஸ்கிரிப்டர் இரண்டாவது டிஸ்கிரிப்டர் பிளாக்கில் இருக்கிறது, அந்த பிளாக்கோ பழைய முறைப்படி டிஸ்க்கின் ஆரம்பத்தில், 0-ஆம் குரூப்பில். கர்னல் புதுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு இப்படி யோசிக்கிறது: அசல் 0-ஆம் குரூப்பில் இருக்கிறது, அப்படியென்றால் இது 0-இல் தொடங்கும் கூட்டம், நகல்கள் அடுத்த குரூப்பான 1-இலும், கூட்டத்தின் கடைசிக் குரூப்பான 63-இலும் இருக்க வேண்டும். போய் எழுதிவிடுகிறது. 63-ஆம் குரூப்பின் முதல் பிளாக், 63 பெருக்கல் 32,768, ஆக 20,64,384-ஆம் பிளாக்.

அங்கே நகலுக்கு இடமே ஒதுக்கவில்லை. 63 என்பது 3, 5, 7-இன் அடுக்கும் இல்லை. அங்கே இருந்தது நம் ஃபைலின் ஒரு துண்டு. பூஜ்ஜியமாக இருந்த 4,096 பைட்டின் மேல் டிஸ்கிரிப்டர் விவரங்களைக் கர்னலே எழுதிவிட்டது. போதாக்குறைக்கு, பழைய சட்டப்படி எழுதியிருக்க வேண்டிய 3, 5, 7 போன்ற குரூப்புகளில் அந்த நகல் எழுதப்படவும் இல்லை.

இப்போது மறுபடி ஷா1சம் போட்டால்? எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியலாம்! இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது. ஃபைலின் பகுதிகள் கர்னலின் பேஜ் கேஷில், அதாவது நினைவகத்தில் இன்னும் இருக்கலாம், படிக்கும்போது அங்கிருந்தே கொடுத்துவிடும். டிஸ்க்கில் இருப்பது கெட்டுவிட்டது, நினைவகத்தில் இருப்பது கெடவில்லை. அதனால் சோதனையில் ஒரு படி கூடுதலாக உண்டு: பேஜ் கேஷைக் காலி செய்யும் கட்டளையைக் கொடுத்து, டிஸ்க்கிலிருந்து படிக்க வைத்து, அப்புறம் ஷா1சம் போட வேண்டும். அப்போது கையொப்பம் மாறியிருக்கும். நிஜ சர்வரில் இந்தக் காலி செய்யும் வேலையைச் செய்வது ஒரு ரீபூட்டாக இருக்கும், அல்லது நினைவகம் நிரம்பிப் பழைய பக்கங்கள் வெளியேறுவதாக இருக்கும், ரீசைஸ் செய்து எத்தனையோ நாள் கழித்து. அன்றைக்கு ஃபைல் கெட்டிருப்பதைப் பார்க்கிறவர் ரீசைஸை எங்கே சந்தேகப்படப் போகிறார்? டிஸ்க் பழசு, கன்ட்ரோலர் சரியில்லை, நெட்வொர்க் என்று எல்லாவற்றையும் திட்டுவார்.

இதே குணமுள்ள, ஆனால் ஆபத்தில்லாத இன்னொரு பிழையும் எக்ஸ்ட்4-இல் இருந்தது. ஃபைல் சிஸ்டம் தன் சொந்தக் கணக்கு வழக்குகளுக்கே எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஒரு எண்ணைச் சூப்பர்பிளாக்கில் வைத்திருக்கும். ஆன்லைன் ரீசைஸ் செய்தபோது டிஸ்க்கில் இருந்த இந்த எண் புதுப்பிக்கப்படாமல் போனது. ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகி, அதாவது பயன்பாட்டுக்காக இணைக்கப்பட்டு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் டிஎஃப் தப்பான அளவைக் காட்டும். 2022-இல் இதைச் சில திருத்தங்களாகச் சரிசெய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும்: ஆன்லைன் ரீசைஸ் முடிந்ததும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நினைவகத்தின் பதில்தான். டிஸ்க்கின் பதில் வேறாக இருக்கலாம்.

சரி, ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டினால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது. எஃப்எஸ்சிகே பார்ப்பது ஃபைல் சிஸ்டத்தின் கணக்குகளை: இந்த பிளாக் இந்த ஃபைலுக்குச் சொந்தமா, இரண்டு ஃபைல்கள் ஒரே பிளாக்கைச் சொந்தம் கொண்டாடுகின்றனவா, காலி என்று குறித்தது உண்மையில் காலியா. 20,64,384-ஆம் பிளாக் அந்த ஃபைலுக்குச் சொந்தம் என்ற கணக்கில் எந்த மாற்றமும் இல்லை, உள்ளே இருப்பதுதான் மாறிவிட்டது. எக்ஸ்ட்4 தன் மெட்டாடேட்டாவுக்கு, அதாவது தன் கணக்கு விவரங்களுக்கு, செக்சம் (உள்ளடக்கம் மாறியதைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) வைக்கும், உங்கள் ஃபைலின் உள்ளடக்கத்துக்கு வைக்காது. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற வேறு ஃபைல் சிஸ்டங்கள் உள்ளடக்கத்துக்கும் செக்சம் வைப்பவை, அங்கே என்றால் படிக்கும்போதே பிடிபட்டிருக்கும். "எஃப்எஸ்சிகே கிளீன் என்று சொல்லிவிட்டது, டேட்டா பத்திரம்" என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இனி திருத்தம். இவ்வளவு நீளமாகச் சொன்ன பிழைக்குத் திருத்தம் ஒரே ஒரு நிபந்தனை. முன்பு "கொடி இருக்கிறதா" என்று மட்டும் கேட்ட வரியில், "கொடி இருக்கிறதா, கூடவே இந்த டிஸ்கிரிப்டர் பிளாக்கின் எண் எல்லைக்கோட்டுக்குச் சமமா அல்லது மேலா" என்று சேர்த்தார்கள். இரண்டும் உண்மையானால்தான் புதுச் சட்டம், இல்லையென்றால் பழையது. நம் உதாரணத்தில் கோடு 2-இல் இருக்கிறது, 127-ஆம் குரூப்பின் டிஸ்கிரிப்டர் பிளாக் எண் 1, ஆக பழைய சட்டம், நகல்கள் தங்கள் வழக்கமான இடங்களுக்குப் போகும். 2024 தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்தத் திருத்தம் அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்த லினக்ஸ் 6.9-இல் இருக்கிறது, நீண்டகால ஆதரவுள்ள பழைய கர்னல் வரிசைகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. ஆக உங்களிடம் இருப்பது 5.15 என்பதாலேயே பயப்பட வேண்டாம், 6.6 என்பதாலேயே தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 நடுப்பகுதிக்குப் பிறகு உங்கள் டிஸ்ட்ரோவின் (நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் தொகுப்பின்) கர்னல் அப்டேட்டுகளைப் போட்டிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. சந்தேகமிருந்தால் கர்னல் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் எக்ஸ்ட்4 பற்றிய வரிகளில் தேடுங்கள்.

பன்னிரண்டு வருடம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? 16 டிபி-க்கு மேல், எக்ஸ்ட்4, அதை ஓடும்போதே நீட்டுவது, அந்தக் குறிப்பிட்ட பிளாக்கில் ஏதாவது முக்கியமான ஃபைல் இருப்பது, அது கெட்டதை யாராவது கவனிப்பது, கவனித்தவர் கர்னல் வரை தோண்டிப் போவது. இத்தனையும் ஒரே ஆளுக்கு ஒன்றாக அமைய வேண்டும். என் ஊகம், பலருக்கு இது நடந்திருக்கும், டிஸ்க் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

உங்கள் கதை என்ன என்று பார்க்க, டம்ப்இ2எஃப்எஸ் கட்டளையைச் சிறிய எச் விருப்பத்தோடு ஓட்டுங்கள், அது சூப்பர்பிளாக் விவரத்தை மட்டும் காட்டும். வசதிகள் பட்டியலில் ரீசைஸ்_ஐநோட் இருந்து மெட்டா_பிஜி இல்லையென்றால் இந்தப் பிழை உங்களைத் தொடவில்லை, வீட்டிலோ சின்ன விபிஎஸ்-இலோ (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ரீசைஸ்_ஐநோட் இல்லை, மெட்டா_பிஜி இருக்கிறது, பழைய கர்னலில் எப்போதோ ஆன்லைனில் நீட்டியதும் நினைவிருக்கிறது என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

டீபக்எஃப்எஸ் என்று ஒரு கருவி இருக்கிறது, ஃபைல் சிஸ்டத்தை எழுதாமல் படிக்க மட்டும் திறந்து உள்ளே பார்க்கலாம். அதில் ஐசெக் என்று கொடுத்து பிளாக் எண்ணைக் கொடுத்தால் அது எந்த ஐநோட்டுக்குச் சொந்தம் என்று சொல்லும். பிறகு என்செக் கொடுத்து அந்த ஐநோட் எண்ணைக் கொடுத்தால் ஃபைலின் பாதையே வந்துவிடும். 4 கேபி பிளாக், 64 பைட் டிஸ்கிரிப்டர் என்ற வழக்கமான அமைப்பில் முதலில் பார்க்க வேண்டிய எண் மேலே சொன்ன 2064384. பிளாக் யாருக்கும் சொந்தமில்லை என்று வந்தால், காலி இடத்தின் மேல் எழுதிவிட்டுப் போயிருக்கிறது, பிழைத்தீர்கள். ஃபைல் பெயர் வந்தால் அதைத் திறந்து பாருங்கள். ஜிப் ஃபைலாக இருந்தால் சிஆர்சி பிழை வரும், வீடியோவாக இருந்தால் ஓரிடத்தில் ஒரு சிதறல், டேட்டாபேஸ் என்றால் அதன் சொந்தச் சோதனைக் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். போன 4,096 பைட்டை எந்தக் கருவியும் திருப்பித் தராது, பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பேக்கப் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. கர்னல் ஃபைலின் முதுகுக்குப் பின்னால் பிளாக்கை மாற்றியதால் அந்த ஃபைலின் அளவோ, கடைசியாகத் திருத்திய நேரமோ மாறவில்லை. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி சாதாரணமாக இந்த இரண்டையும் மட்டும்தான் ஒப்பிட்டு, மாறியிருந்தால் நகலெடுக்கும். ஆக யாரும் பிறகு அந்த ஃபைலைத் திருத்தவில்லை என்றால், கெட்ட பதிப்பு பேக்கப்புக்குப் போயிருக்காது, பழைய நல்ல பதிப்பு அங்கேயே இருக்கும். இதையே சோதனையாகவும் திருப்பிப்போடலாம்: ஆர்சிங்கை செக்சம் விருப்பத்தோடும், எதையும் நகலெடுக்காமல் வெறுமனே பட்டியலிடும் விருப்பத்தோடும் சேர்த்து ஓட்டினால், அளவும் நேரமும் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மட்டும் வேறாக இருக்கும் ஃபைல்கள் வெளியே வந்துவிடும். இருபது டிபி-யைப் படித்து முடிக்க நேரம் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். அந்த இரண்டாவது விருப்பத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள், மறந்தால் நல்ல நகலின் மேல் கெட்டதை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

இனிமேல் நீட்டப் போகிறவர்களுக்கு: முதலில் கர்னலைப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள், அப்புறம் நீட்டுங்கள். அப்டேட் போட்டுவிட்டு ரீபூட் செய்யாமல் இருந்தால் ஓடுவது பழைய கர்னல்தான். புதுப்பிக்க வழியே இல்லாத சர்வர் என்றால் அன்மவுண்ட் செய்து, எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே-யான இ2எஃப்எஸ்சிகே-யை எஃப் விருப்பத்தோடு ஓட்டி (அது இல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ் அடம்பிடிக்கும்), பிறகு நீட்டுங்கள். கட்டளை அதேதான் என்றாலும் வேலை செய்கிற ஆள் வேறு: மவுண்ட் ஆகி இருக்கும்போது ரீசைஸ்2எஃப்எஸ் கர்னலிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும், நாம் பார்த்த பிழை இருந்தது கர்னலில். அன்மவுண்ட் ஆகி இருந்தால் கணக்கு, எழுத்து எல்லாவற்றையும் ரீசைஸ்2எஃப்எஸ் தானே செய்கிறது, அந்தத் தப்பு நிபந்தனை அந்தப் பாதையில் வராது. சுருக்குவதென்றால் எக்ஸ்ட்4-இல் எப்படியும் அன்மவுண்ட் செய்துதான் ஆக வேண்டும், அங்கே ஆன்லைன் என்ற பேச்சே கிடையாது.